தப்பு... பறை... ராஜமேளம்! திண்டுக்கல் பக்கத்து மேளக்காரர்களின் ஆயுட்காலப் பயணம்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தோளில் வட்டமான தோல் வாத்தியத்தை மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் "இது என்ன?" என்று கேட்டால், "தப்பு" என்பார். அவரையே சென்னை மேடையில் ஏற்றினால், மைக் பிடித்தவர் "பறையிசைக் கலைஞர்" என்று அறிவிப்பார். ஊர்த் திருவிழா நோட்டீஸில் அவருடைய செட்டின் பெயர் "ராஜமேளம்" என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

கருவி ஒன்றுதான். ஆளும் ஒருவர்தான். ஆனால், எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் சம்பளம், சாப்பாடு, மரியாதை எல்லாமே மாறிவிடும். திங்கட்கிழமை சாவு வீட்டு வாசலில் "டேய், நல்லா அடிடா" என்று கேட்ட அதே காது, சனிக்கிழமை மேடையில் "ஐயா, கொஞ்சம் முன்னால வாங்க" என்று கேட்கும். ஒரு மேளக்காரரின் ஐம்பது வருட வாழ்க்கை இந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று மரத்துண்டு, ஒரு தோல், இரண்டு குச்சி

பறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வட்டச் சட்டம் ஒரே மரத்தை வளைத்துச் செய்தது இல்லை. வேம்பு, பூவரசு மாதிரியான மரத்தில் வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, இணைப்பில் இரும்புப் பட்டை அடித்து வட்டமாக்குவார்கள். அதன் மேல் பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்துப் போர்த்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வாரால் பின்பக்கம் இழுத்துக் கட்டுவார்கள். நிழலிலும் வெயிலிலும் காய்ந்த பிறகுதான் அது கைக்கு வரும்.

வாசிக்க இரண்டு குச்சிகள். வலது கையில் குட்டையாக, தடிமனாக இருப்பது அடிக்குச்சி. இடது கையில் நீளமாக, மெல்லிசாக வளைந்து கொடுக்கும் மூங்கில் சிம்பு, சிம்புக்குச்சி. கனத்த ஓசை முதலாவதிலிருந்து, 'சடசட'வென்று தெறிக்கும் ஓசை இரண்டாவதிலிருந்து. இடது கைதான் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்கவும் வேண்டும், அதே கையின் விரல்களால் சிம்பையும் சுண்டவும் வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். வலது கை ஒரு வாரத்தில் பழகிவிடும். இடது கை வழிக்கு வர மாதங்கள் ஆகும்.

வாசிப்பதற்கு முன் வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி, அந்தத் தணலில் தோலைக் காட்டிக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏற தோல் இறுகும். விரலால் தட்டிப் பார்த்து, 'கணீர்' என்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் தோல் வெடித்துவிடும், குறைந்தால் சத்தம் 'சொத சொத'வென்று அமுங்கும். மிருதங்க வித்வான் சுருதி சேர்ப்பதற்கு என்ன மரியாதையோ, இந்தக் காய்ச்சலுக்கும் அதே மரியாதை தரலாம். இரண்டும் ஒரே வேலைதான்.

மிருதங்கம் என்றதும் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. அதிலும் இருப்பது மாட்டுத்தோல்தான். அதைச் செய்து கொடுக்கும் கைவினைஞர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதினார். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தோல் ஷூவாகப் போனால் ஏற்றுமதிச் சரக்கு, மிருதங்கமாகப் போனால் பூஜைப் பொருள், தப்பாகப் போனால் மட்டும் தீட்டு என்று யார் முடிவு செய்தது என்ற கேள்விக்கு, தோலிடம் பதில் கிடையாது.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேலை

"சும்மா டம் டம்னு அடிக்கிறாங்க" என்று நினைப்பவர்கள் ஒரு முழு நாள் ஒரு செட்டோடு இருந்து பார்க்க வேண்டும். பறையில் 'அடி' என்றால் தாளக்கட்டு. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, ஒத்தையடி, மருளடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, டப்பா அடி என்று அதற்குப் பெயர்கள் உண்டு. சினிமாப் பாட்டுகள் ஊருக்குள் வந்த பிறகு 'சினிமா அடி' என்றே ஒன்று சேர்ந்துவிட்டது. ஊருக்கு ஊர் பெயரும் நடையும் கொஞ்சம் மாறும்.

சாமிச்சாட்டு அடி என்பது திருவிழாவை ஊருக்கு அறிவிப்பது. அது ஒலித்தால்தான் ஊர் கட்டுப்பாட்டுக்குள் வரும், காப்பு கட்டுவார்கள். மருளடி சாமி இறங்குவதற்கானது. வேகம் படிப்படியாக ஏறும். எந்த இடத்தில் ஏற்ற வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைச் சாமியாடியின் முகத்தைப் பார்த்தே மேளக்காரர் கண்டுபிடிப்பார். மாரடிப்பு அடி துக்க வீட்டுப் பெண்களின் ஒப்பாரிக்கு ஈடு கொடுப்பது. ஒரே மனிதர் ஒரே நாளில் காலையில் ஒரு குடும்பத்தை அழவைத்து, ராத்திரி ஓர் ஊரையே ஆடவைக்க வேண்டும்.

இதில் எதற்கும் நோட்டு கிடையாது. பெரும்பாலும் அப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று யாராவது ஒருவரின் பின்னால் நடந்துதான் பையன்கள் கற்றுக்கொள்வார்கள். எட்டு, பத்து வயதில் குச்சியையும் வைக்கோலையும் தூக்கி வருவது முதல் வேலை. வாயால் தாளத்தைச் சொல்லி, தொடையில் தட்டிப் பழகுவது அடுத்தது. செட்டில் ஒரு நாள் யாராவது வராமல் போனால், அந்த இடத்தில் நிற்கவைத்துவிடுவார்கள். அரங்கேற்றம் அவ்வளவுதான்! செட்டை நடத்தும் மூத்தவர் 'வாத்தியார்' அல்லது 'ஆசான்'. அவர் தோளை லேசாகத் திருப்பினால் அடி மாறப்போகிறது என்று அர்த்தம். பத்துப் பேரும் ஒரே நொடியில் மாற வேண்டும். வாசித்துக்கொண்டே ஆடவும் வேண்டும் என்பதால்தான் இதற்குப் 'பறையாட்டம்', 'தப்பாட்டம்' என்று பெயர். கழுத்திலோ தோளிலோ பாரம், கையில் தாளம், காலில் அடவு. மூன்றும் ஒன்றை ஒன்று விடக் கூடாது.

தமிழ் இலக்கணத்தில் பறைக்கு இருக்கும் இடம் சாதாரணமானது இல்லை. தொல்காப்பியம் நிலத்துக்கு உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை வரிசையில் பறையையும் சேர்க்கிறது. பின்னால் வந்த இலக்கண நூல்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரித்தே சொல்கின்றன. 'பறை' என்றால் 'சொல்' என்றும் ஒரு பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதைக் குறிக்கும் அன்றாடச் சொல் அதுதான். அந்தச் சொல்லே ஒரு சாதியின் பெயராகி, அங்கிருந்து 'பரையா' என்று ஆங்கில அகராதிக்குப் போய், 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் உலகம் முழுக்கப் புழங்குகிறது. சேதி சொல்லும் கருவியிலிருந்து பிறந்த சொல்லுக்கு நேர்ந்த கதி இது.

தையில் தொடங்கி ஆடி வரை

திண்டுக்கல் சமவெளியில் ஒரு செட்டின் காலண்டர், அரசுக் காலண்டரைவிட அடர்த்தியானது. தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. நத்தம் கோவில்பட்டி, தவசிமடை, புகையிலைப்பட்டி, உலகம்பட்டி, கொசவபட்டி என்று வாடிவாசல்கள் வரிசையாகத் திறக்கும். காளைகளை மேளத்தோடு அழைத்து வருவது பல ஊர்களில் வழக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டங்களோடு சில செட்டுகள் நடக்கும். மாசி வந்தால் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா. பூச்சொரிதலில் தொடங்கி ஊரே வீதியில் இருக்கும். அதே மாசியில் நத்தம் மாரியம்மன், பூக்குழி, கழுமரம் ஏறுதல். பங்குனி உத்திரத்துக்கு மறுபடியும் பழனி, இந்த முறை காவடிகள். சித்திரை, வைகாசி முழுக்கக் கிராமத்து அம்மன்கள். ஆடியில் கூழ் ஊற்றும் கோயில்கள்.

அதற்குப் பிறகு வரும் மாதங்களை எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி. பதில், மேளத்துக்கு வெளியில்தான் இருக்கும். தோட்ட வேலை, கட்டட வேலை, நூறு நாள் வேலை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவது என்று கிடைத்ததைச் செய்வார்கள். 'முழுநேரக் கலைஞர்' என்ற சொல் இந்தத் தொழிலில் மிகச் சிலருக்குத்தான் பொருந்தும்.

பணக் கணக்கும் எளிமையானது இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துப் பேசி முடிப்பார்கள். வேன் வாடகை, உடைந்த தோலுக்கான செலவு, வழியில் டீ, டிபன் எல்லாம் போக மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். செட் பெரிதாக இருந்தால் பார்க்க அழகு, பங்கு சிறிதாகும். ஆளைக் குறைத்தால் பங்கு ஏறும், அடுத்த வருடம் அந்த ஊர் அழைக்காது. இந்தக் கணக்கைத்தான் ஒவ்வொரு ஆசானும் ஒவ்வொரு சீசனும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதற்குள்ளேயே இன்னொரு வேடிக்கை. சாமிச்சாட்டு அடி விழாமல் திருவிழா தொடங்காது. ஆனால், அந்த அடியை அடித்தவர் அந்தக் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்த ஊர்கள் ஏராளம். தேர் அவருடைய தெருவுக்குள் வராது. சாமியை எழுப்பும் மேளத்துக்கு வெளிப்பிராகாரம்கூடக் கிடையாது.

'அடிக்க மாட்டோம்' என்றவர்கள்

திருவிழாவாவது அழைப்பு. சாவு அப்படி இல்லை. ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு விழுந்தால், தகவல் வரும், போயாக வேண்டும். நாற்று நட்டுக்கொண்டிருந்தாலும், சொந்த வீட்டில் காய்ச்சலில் பிள்ளை படுத்திருந்தாலும் போயாக வேண்டும். பக்கத்து ஊர் உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்வது, மாலை கொண்டுவருபவர்களை ஊர் எல்லையில் போய் எதிர்கொண்டு அழைத்து வருவது, பாடை எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பது, பிறகு சுடுகாடு வரை முன்னால் நடப்பது. இதற்குக் கூலி என்று பேசுவது கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பகுதி சாராயமாக வரும். இரவும் பகலும் வெறும் வயிற்றில் வாசிக்கவைக்க அது ஒரு வழி. பல குடும்பங்களில் அப்பாவை இந்தத் தொழில் கொல்லவில்லை, தொழிலோடு சேர்த்துக் கொடுத்த குடி கொன்றது.

இதனால்தான், பறையைக் கையில் எடுத்துக் கொண்டாடியவர்களுக்கு முன்பே, அதைக் கீழே போட்டவர்கள் வந்துவிட்டார்கள். வட மாவட்டங்களில் எல்.இளையபெருமாள் போன்ற தலைவர்கள், சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்தை நிறுத்த வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். தென் மாவட்டங்களிலும் படித்த இளைஞர்கள் 'இனி அடிக்க மாட்டோம்' என்றார்கள். அப்படிச் சொன்ன ஊர்களில் கூலி வேலை மறுக்கப்பட்டது, கடையில் பொருள் மறுக்கப்பட்டது, அடிதடியும் நடந்தது. தாத்தாவின் பறையைப் பேரன் பரணில் தூக்கிப்போட்ட வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களைக் கலையை மறந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நிற்கும் இடம் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத ஒரு வேலையைக் கலை என்று பெயர் மாற்றி அழைத்தால் போதுமா என்பதுதான் அவர்கள் கேட்டது.

அரசும் இதைக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டது. 2022 ஆகஸ்ட்டில், ஊராட்சி அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி இருக்கும் காலத்தில் ஒரு மனிதரை மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கவிடுவது எதற்கு என்பதுதான் காரணம்.

திண்டுக்கல்லில் பெண்கள் எடுத்த பறை

பறையைப் போடுவதா, எடுப்பதா என்ற அந்த வாதம் சூடாக இருந்த நேரத்தில், 1990-ல் திண்டுக்கல்லில் ஒரு வித்தியாசமான காரியம் தொடங்கியது. சந்திரா, ஃபெல்சி என்ற இரண்டு கத்தோலிக்க அருட்சகோதரிகள் சேர்ந்து 'சக்தி கலைக்குழு'வை ஆரம்பித்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட, ஏழைத் தலித் குடும்பத்துப் பெண்களை அழைத்து வந்து தங்கவைத்து, பறையைக் கையில் கொடுத்தார்கள்.

இன்று இன்ஸ்டாகிராமில் பெண்கள் பறை வாசிக்கும் ரீல்ஸ் நாளுக்கு நாலு வந்து விழுவதால், அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சட்டென்று உறைக்காது. தப்பு அதுவரை முழுக்க ஆண்களின் கருவி. பெண் ஒப்பாரி வைப்பாள், கும்மி கொட்டுவாள், குலவை போடுவாள். பறையைத் தொட மாட்டாள். அதுவும் வீட்டு ஆண்களே 'இந்த அவமானம் நம்மோடு போகட்டும்' என்று நினைத்துக்கொண்டிருந்த கருவியை, அந்த வீட்டுப் பெண்ணே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வீதியில் நின்றால்? முதலில் எதிர்ப்பு வெளியிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே வந்திருக்கும்.

சக்தியின் பயிற்சியில் பறையோடு ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் என்று மற்ற ஆட்டங்களும் உண்டு. ஆனால், ஆட்டத்தோடு நிற்பதில்லை. சாதி என்றால் என்ன, பெண் என்பதால் நடப்பது என்ன என்று உட்கார்ந்து பேசுவதும் பயிற்சியின் பகுதி. மேடையில் இவர்கள் நிற்கும் விதத்திலேயே அது தெரியும். தலை நிமிர்ந்து, பார்வையாளரின் கண்ணைப் பார்த்து, கால்களை அகல ஊன்றி வாசிப்பார்கள். குனிந்த தலையோடு வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அப்படி நிற்பதற்கே முதலில் பழக்கம் வேண்டும். பறையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கூனிக் குறுக முடியாது என்பது, அந்தக் கருவியின் உடல் இலக்கணம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். அதற்கு முன் 2011-ல் அவர் எடுத்த 'திஸ் இஸ் எ மியூசிக்' என்ற படமும் பறையைப் பற்றியதுதான். கிராமத்தில் சாவுக்கு அடித்துக்கொண்டிருந்த ஒரு தென்மாவட்டக் குழு சென்னை மேடைக்குப் போய்த் திரும்புவதை அது பின்தொடர்கிறது. திண்டுக்கல் புறநகரில் நடந்துகொண்டிருந்த ஒரு பயிற்சி, வெளிநாட்டுப் பல்கலைக்கழக வகுப்பறைகளில் பாடமாகிறது. உள்ளூரில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால், பிரியாணிக் கடைகளுக்கு வழி கேட்டால் கிடைக்கும் பதில் அளவுக்கு வேகமாகப் பதில் வராது!

பெண்கள் குழுக்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஓர் ஆண் பதினாறு வயதில் செட்டில் சேர்ந்தால் அறுபது வரை அதில் இருப்பார். பெண்ணின் கணக்கு அப்படி ஓடாது. கல்யாணம் என்று ஒன்று நடுவில் வரும். புகுந்த வீடு ராத்திரி நிகழ்ச்சிக்கு அனுப்புமா, குழந்தை பிறந்த பிறகு வெளியூர்ப் பயணம் முடியுமா என்ற கேள்விகள் வரும். 'ஆயுட்காலக் கலைஞர்' என்ற பட்டம் ஆணுக்குத் தானாக வருகிறது. பெண் அதற்கு ஒவ்வொரு வருடமும் வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

மதுரைப் பக்கமிருந்து வந்த காற்று

திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தோடுதான் இருந்தது. கலையில் அந்தக் கோடு இன்றும் கிடையாது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசை கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்ற பெயரில் அறியப்பட்டவர், கிராமத்து மெட்டுகளையும் பறையையும் தேவாலயத்துக்குள் கொண்டுபோனவர். 2005-ல் மறைந்தார். ஆர்கனும் கிதாரும் மட்டும் கேட்ட இடத்தில் தப்பு ஒலித்தபோது முகம் சுளித்தவர்களில், அதே சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். விட்டு ஓடிவந்த சத்தம் இங்கேயும் துரத்துகிறதே என்ற வலி அது.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சாலையில் வாடிப்பட்டி வரை போய்த் திரும்பினால் அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டுக்காக உலகம் அறிந்த அந்த ஊரில் இருந்து வந்தவர்தான் வேலு ஆசான். பறையடிக்கும் குடும்பத்தில் பிறந்து, அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர். 2025 குடியரசு தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதே பட்டியலில் மிருதங்கத்துக்காக குருவாயூர் துரையும் இருந்தார். மிருதங்கமும் பறையும் ஒரே தாளில், ஒரே விருதுக்கு! ராஷ்டிரபதி பவனுக்குப் பறைக்காரர் ஒருவர் விருது வாங்கப் போகிறார் என்ற செய்தி, இந்தப் பக்கத்துச் சேரிகளின் வாட்ஸ்அப் குரூப்களில் அன்றைக்கு எப்படிச் சுற்றியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பறை வெளியூர் மேடைகளுக்குப் போனதில் 2007 ஒரு திருப்பம். அந்த வருடப் பொங்கலில் தொடங்கிய 'சென்னை சங்கமம்', கிராமியக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் தெருமுனைகளுக்கும் கொண்டுவந்தது. சில வருடங்களில் நின்றுபோய், 2023-ல் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி தொடங்கியது. தென்மாவட்டத்துச் செட் ஒன்று பஸ்ஸிலோ வேனிலோ ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னைக்குப் போய், காலையில் குளித்து, ஒரே மாதிரி சட்டை, சலங்கை மாட்டி வாசிக்கும். எதிரில் ஐ.டி. ஊழியர்கள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். செல்ஃபி கேட்பார்கள். தட்டு வரிசையில் நின்று எல்லோரோடும் சாப்பிடலாம். அறுபது வயதுக்காரருக்கு இதில் எது பெரிய விஷயம் என்று தெரியுமா? கைதட்டல் இல்லை, அந்தக் கடைசி விஷயம்தான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் இளைஞர்கள் கூடியபோது, கூட்டத்தை இரவெல்லாம் விழிக்கவைத்த சத்தங்களில் பறையும் ஒன்று. அதற்குப் பிறகு கல்லூரி விழா, புத்தகக் காட்சி, கட்சி மாநாடு, கல்யாண வரவேற்பு என்று எங்கும் பறை. அமெரிக்கா, சிங்கப்பூர், ஐரோப்பா என்று தமிழர் இருக்கும் நாடுகளில் வார இறுதிப் பறை வகுப்புகள் நடக்கின்றன.

இது நமக்கு மட்டும் நடந்தது இல்லை. கரீபியன் தீவான டிரினிடாடில் கறுப்பின மக்கள் மேளம் அடிப்பதை 1884-ல் ஆங்கிலேயர் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மூங்கிலைத் தட்டினார்கள், பிறகு எண்ணெய் பீப்பாயைத் தட்டினார்கள். அந்தப் பீப்பாயிலிருந்து பிறந்த 'ஸ்டீல்பேன்' 1992-ல் அந்த நாட்டின் தேசிய வாத்தியம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால், அங்கே வாத்தியம் மாறியது. இங்கே அதே வாத்தியம்தான். அதனால்தான் அதன் பழைய வாசனையும் கூடவே வருகிறது.

இப்போது செட்டில் யார் இருக்கிறார்கள்?

மேடைப் பறையும் ஊர்த் தப்பும் இன்று இரண்டு தனிச் சந்தைகள். நகரத்தில் பயிற்சி பெற்ற குழு, ஆங்கிலத்தில் மெயில் அனுப்பும், கொட்டேஷன் கொடுக்கும், யூடியூப் லிங்க் வைத்திருக்கும். அதற்கு அடி சொல்லிக்கொடுத்த மூத்தவருக்கு வேடசந்தூர் பக்கத்தில் ஒரு பட்டன் போன்தான் இருக்கும். மேடைக் குழுவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருப்பது நல்ல மாற்றம். ஆனால், அந்தப் பிள்ளைகள் யாரும் அவரவர் ஊரில் சாவுக்குப் போய் அடிக்கச் சொன்னால் போக வேண்டிய கட்டாயத்தில் இல்லை. அந்த வேலை மட்டும் இன்னும் பழைய வீடுகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பறை பொதுவாகிவிட்டது, தப்பு இன்னும் ஆகவில்லை.

போட்டியும் மாறிவிட்டது. கோயில் கமிட்டிகளுக்குக் கேரளத்துச் செண்டை மேளம் ஒரு கௌரவம். இளைஞர்களுக்கு டி.ஜே. சில திருவிழாக்களில் தப்பு செட் சாமிச்சாட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, ஊர்வலத்தின் முன்வரிசை செண்டைக்குப் போய்விடுகிறது.

உடம்பும் கணக்கு கேட்கும். முப்பது, நாற்பது வருடம் ஒரே தோளில் பாரம் தாங்கியவருக்குத் தோள்பட்டை வலி நிரந்தரம். இடது கை விரல்களில் காய்ப்பு. காதுக்குப் பக்கத்தில் பத்துப் பறைகள் சேர்ந்து ஒலிக்கும் தொழிலில் காது மந்தமாவதை யாரும் நோயாகக்கூட நினைப்பதில்லை. அரசு 2007-ல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்து அடையாள அட்டை வாங்கினால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், ஈமச்சடங்கு போன்றவற்றுக்கு உதவி கேட்கலாம். நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால், விண்ணப்பத்தில் கலை அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். நாற்பது வருடம் சாவு வீட்டில் அடித்ததற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? நிகழ்ச்சிப் புகைப்படம், நோட்டீஸ் இருந்தால் வேலை சுலபம். அதனால் இப்போது விவரம் தெரிந்த பேரப்பிள்ளைகள், தாத்தா வாசிப்பதை மொபைலில் எடுத்துத் தேதியோடு சேமித்து வைக்கிறார்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் நீங்கள் எடுத்த போட்டோவில் மேளக்காரர் யாராவது இருந்தால், அதை அவருக்கு அனுப்பிவையுங்கள். நிஜமாகவே உதவும்.

சாவு வீடுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேரம் வந்துவிட்டது. இத்தனை ஆள், இத்தனை மணி நேரம், இவ்வளவு பணம், வேன் வாடகை தனி என்று போனிலேயே பேசிக்கொள்ளும் செட்டுகள் உண்டு. தண்ணி வேண்டாம், சாப்பாடு போடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடும் ஆசான்கள் உண்டு. வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காகக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வேனில் ஏறிய செட்டுகளைப் பற்றியும் பேச்சு உண்டு. எல்லா ஊரிலும் இது முடியாது. பஸ் போகாத உள் கிராமங்களில் பழைய கணக்கே ஓடுகிறது.

மழைக்காலத்துக்காகப் பல செட்டுகள் இரண்டு வகைப் பறைகளை வைத்திருக்கின்றன. ஒன்று பிளாஸ்டிக் முகம். காய்ச்ச வேண்டாம், நனைந்தாலும் கவலையில்லை, அவசரமாக வரும் சாவுச் செய்திக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். சத்தம் கூர்மை, ஆனால் அடியில் ஆழம் இருக்காது. இன்னொன்று தோல். அதைத் துணியில் சுற்றி, வீட்டில் ஈரம் படாத உயரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். வெளியூர் நிகழ்ச்சிக்கு வேன் வந்து நிற்கும்போது, அதுதான் முதலில் ஏறும்.